பழைய டிராக்டரை இழுவைப் போட்டிக்குக் கொண்டுபோவது எப்படி: முதல் வருடத்துக்கான வழிகாட்டி

இலினாய் மாநிலத்தில் புளூமிங்டன் நகரத்தைத் தாண்டி ஐந்து மைல் போனால் கண்ணுக்கெட்டும் வரை மக்காச்சோளமும் சோயாவும்தான். கணினி வேலைக்காக இங்கே வந்த நம்மவர்கள் கோடையில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) கண்காட்சிக்குப் போவோம். அங்கேதான் முதன்முதலாக அதைப் பார்த்தேன். எழுபது வயதைத் தாண்டிய டிராக்டர்கள் ஒவ்வொன்றாக வந்து, புழுதி கிளம்ப, ஸ்லெட் என்ற ஒரு கனத்த பாரவண்டியை இழுத்துக்கொண்டு போயின. கோபிப் பக்கம் அப்பாவின் மஹிந்திரா பி-275இல் உழவு ஓட்டிப் பழகியவன் நான். அந்த வண்டியே இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியின் வடிவமைப்பில் வந்ததுதான். அதே கம்பெனியின் சிவப்பு ஃபார்மால் டிராக்டர் எதிரில் நின்றபோது எனக்கு அங்கிருந்து நகர மனம் வரவில்லை.

அடுத்த வருடம் நானும் ஒன்று வாங்கினேன். அந்தக் கோடையில் நான்கு கண்காட்சிக்குப் போனேன். முதலாவதில் பாதுகாப்புச் சோதனையிலேயே திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவதில் எடைமேடையில் மாட்டிக்கொண்டேன். மூன்றாவதில்தான் உருப்படியாக இழுத்தேன். புதிதாக வருபவர்கள் எல்லாரும் இன்ஜினைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். ஆனால் முதல் வருடத்தில் ஆளைக் கவிழ்ப்பது இன்ஜின் இல்லை. ஸ்லெட்டை மாட்டும் டிராபார், எடை, காகிதம் இந்த மூன்றும்தான். அதனால் இந்தக் கட்டுரையில் அவற்றுக்குத்தான் அதிக இடம்.

போட்டி என்னவென்று தெரியாதவர்களுக்கு: இது ரேக்ளா மாதிரி வேகப் பந்தயம் இல்லை. இளவட்டக்கல் தூக்குவதோடுதான் ஒப்பிட வேண்டும். ஸ்லெட்டின் மேல் ஒரு எடைப்பெட்டி இருக்கும். தொடக்கத்தில் அது பின்சக்கரத்துக்கு மேல் இருப்பதால் சுலபமாக நகரும். போகப் போகப் பெட்டி முன்னால் ஏறி வரும். முன்பக்கத் தகடு மண்ணில் அழுந்தும். பாரம் கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் டிராக்டர் நின்றுவிடும். எத்தனை அடி எத்தனை அங்குலம் இழுத்தீர்கள் என்பதுதான் மதிப்பெண். 300 அடியைத் தொட்டால் பெரும்பாலான இடங்களில் முழு இழுவை என்று கணக்கு. ஒரே எடைப் பிரிவில் இருக்கும் வண்டிகள் மட்டும் தங்களுக்குள் போட்டியிடும்.

ஒஹாயோவின் பௌலிங் கிரீனில் ஆகஸ்டு மாதம் நடக்கும் தேசிய இழுவைப் போட்டியின் காணொளிகளைப் பார்த்துவிட்டு, நாலைந்து இன்ஜின் பூட்டிய, தீயும் புகையும் கக்கும் வண்டிகளை மனதில் வைத்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். அது வேறு உலகம், வேறு செலவு. நான் சொல்வது, வயலில் வேலை செய்த வண்டியை ஏறக்குறைய அப்படியே கொண்டுவந்து இழுக்கும் பிரிவு.

1. டிராக்டருக்கு முன்னால் விதிப்புத்தகம் வாங்குங்கள்

நாடு முழுக்க ஒரே விதி கிடையாது. போட்டி நடத்தும் ஒவ்வொரு சங்கத்துக்கும், சில சமயம் ஒவ்வொரு கண்காட்சிக்கும் தனி விதி. ஒரு இடத்தில் 1959 வரை வந்த மாடல்கள் மட்டும். இன்னொரு இடத்தில் 1960 வரை. வேக உச்சவரம்பும் அப்படித்தான், மணிக்கு 3 மைல், 4 மைல் என்று பிரிவுக்குப் பிரிவு மாறும். டயர் அகலம், டிராபார் உயரம், எடை எவ்வளவு தூரம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கலாம் என எல்லாமே மாறும்.

உங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் நடக்கும் நான்கைந்து போட்டிகளைப் பட்டியலிடுங்கள். யார் நடத்துகிறார்கள், எந்த விதிப்படி என்று கேளுங்கள். நான்கிலும் எது கடுமையான விதியோ அதற்கு ஏற்றபடி வண்டியைத் தயார் செய்யுங்கள். அப்படிச் செய்தால் எங்கே போனாலும் செல்லும்.

ஒரு போட்டிக்காவது பார்வையாளராக முழு நாளும் போய் உட்காருங்கள். கேலரியில் இல்லை, வண்டிகள் நிற்கும் இடத்தில். யாரிடமும் கூச்சப்பட வேண்டாம். நம் முகத்தைப் பார்த்ததும் முதலில் கொஞ்சம் வியப்பாகப் பார்ப்பார்கள். நல்ல கேள்வியாக ஒன்று கேட்டால் போதும், பேனட்டைத் திறந்து காட்டிவிட்டுத்தான் விடுவார்கள். எனக்கு வழி காட்டிய பெரியவரை அப்படித்தான் சந்தித்தேன். இதே மாநிலத்தில் ரேண்டூல் என்ற ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டுகளில் ஆகஸ்டு கடைசியில் நடக்கும் பழைய பண்ணை இயந்திரக் கண்காட்சி இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு நல்ல பள்ளிக்கூடம்.

2. எடைப் பிரிவை முதலில் முடிவு செய்யுங்கள்

பிரிவுகள் பெரும்பாலும் 500 பவுண்டு இடைவெளியில் இருக்கும்: 4,000, 4,500, 5,000, 5,500, 6,000, 6,500 என்று. ஓட்டுநர், எரிபொருள், தொங்கவிட்ட எடை எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு.

இங்கே எல்லாரும் செய்யும் தப்பு, வண்டியின் சொந்த எடைக்கு மிக அருகில் உள்ள பிரிவைத் தேர்ந்தெடுப்பது. வெறும் வண்டியே 5,400 இருக்கிறதா, 5,500 பிரிவு என்று நினைப்போம். அது வேண்டாம். வண்டியின் சொந்த எடை பிரிவுக்கு ஐந்நூறு பவுண்டாவது கீழே இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் நீங்கள் சேர்க்கும் எடையை முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்பதுதான் இந்த விளையாட்டின் உயிர்நாடி. சேர்க்க இடமே இல்லாவிட்டால் சமன் செய்யவும் வழியில்லை.

ஃபார்மால் எச் போன்ற வண்டி சுமார் நான்காயிரம் பவுண்டுப் பக்கம் வரும். ஃபார்மால் எம், ஜான் டியர் ஏ போன்றவை ஐயாயிரத்தைச் சுற்றி. ஃபோர்டு 8என் மலிவாகக் கிடைக்கும், அழகாகவும் இருக்கும். ஆனால் மிகவும் லேசு, பல போட்டிகளில் அதற்குப் பிரிவே இருக்காது. விலையைப் பார்த்து அதை வாங்கிவிடாதீர்கள்.

3. டிராக்டர் வாங்குவது

நான் ஃபார்மால் எம் வாங்கினேன். 1939 முதல் 1952 வரை லட்சக்கணக்கில் செய்த மாடல், அதனால் உதிரிபாகம் இன்றும் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறது. காலால் மிதிக்கும் கிளட்ச் என்பதால் நம் ஊர் டிராக்டர் ஓட்டியவர்களுக்குப் பழக்கமாக இருக்கும். ஜான் டியரின் இரட்டை சிலிண்டர் வண்டிகளில் பெரும்பாலும் கைக் கிளட்ச். நல்ல வண்டிகள்தான், ஆனால் பதற்றத்தில் கால் தானாகக் கிளட்சைத் தேடும். முதல் வருடத்தில் அந்தக் குழப்பம் வேண்டாம்.

ஓடுகிற நிலையில் உள்ள எம் 1,500 முதல் 4,000 டாலருக்குள் கிடைக்கும். நான் 2,400 கொடுத்தேன். நவம்பர் முதல் ஜனவரி வரை வாங்குங்கள். அறுவடை முடிந்து பண்ணை ஏலங்கள் நடக்கும் காலம். வசந்தம் வந்துவிட்டால் விலை ஏறும்.

பார்க்கப் போகும்போது கவனிக்க வேண்டியவை:

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய்விடுங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (உள்ளே ஏறும் அழுத்தம்) அளந்து பாருங்கள். நான்கும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

பேனட்டின் மேல் பெரிய எரிபொருள் தொட்டியோடு இன்னொரு சின்னத் தொட்டியும் இருந்தால் அது டிஸ்டிலேட் என்ற மலிவு எரிபொருளுக்காகச் செய்த வண்டி. சின்னத் தொட்டியில் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்து, சூடானதும் மாற்றிக்கொள்வார்கள். அதன் கம்ப்ரஷன் குறைவு. பெட்ரோலில் ஓடும், ஆனால் பெட்ரோலுக்கென்றே செய்த எம் அளவுக்கு இழுக்காது. விற்பவர் சொல்ல மாட்டார், நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

பின் டயரின் வால்வு ஓரம் வெள்ளையாகப் பூத்து, ரிம் துருவேறியிருந்தால் உள்ளே கால்சியம் குளோரைடு கரைசல் இருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு டயரிலும் சில நூறு பவுண்டு எடை அதனாலேயே இருக்கும். போட்டிக்கு அதை வெளியே எடுக்க வேண்டியிருக்கும், ரிம்மும் அரித்திருக்கலாம். அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள்.

காகிதம் பற்றி: பெரும்பாலான மாநிலங்களில் பண்ணை டிராக்டருக்குக் கார் மாதிரி உரிமைப் பத்திரம் கிடையாது. அதனால் விற்பனைச் சீட்டுதான் உங்கள் ஒரே ஆதாரம். தேதி, விலை, மாடல், வரிசை எண், இருவர் கையெழுத்து, இருவர் முகவரி இவையெல்லாம் அதில் இருக்கட்டும். எம் வண்டிகளின் வரிசை எண் எஃப்பிகே என்ற எழுத்துகளோடு தொடங்கும். கிளட்ச் ஹவுசிங்கின் இடது பக்கத் தகட்டில் இருக்கும். தகடே இல்லாத வண்டி மலிவாக வந்தாலும் யோசியுங்கள். எந்த வருடத்து வண்டி என்று போட்டியில் கேட்டால் காட்ட அந்த எண்தான் இருக்கிறது. வாங்கிய அன்றே அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. டிராபார்: முதல் பணம் இங்கே போகட்டும்

ஸ்லெட்டின் சங்கிலி மாட்டும் இடம்தான் டிராபார். தயவுசெய்து இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள்.

கொக்கி மாட்டும் இடம் பின் அச்சின் மையத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே போனால் இழுக்கும் விசை முன்பக்கத்தைத் தூக்கி, வண்டியை ஓட்டுநர் மேலேயே பின்பக்கமாகக் கவிழ்த்துவிடும். இது நடக்கும் வேகத்தில் கிளட்சை மிதிக்கக்கூட நேரம் இருக்காது. அதனால்தான் எல்லாச் சங்கமும் உயரத்துக்கு வரம்பு வைத்திருக்கின்றன. நான் பார்த்த விதிகளில் 18 அல்லது 20 அங்குலம். அச்சின் மையத்திலிருந்து பின்பக்கம் குறைந்தது 18 அங்குலம் தள்ளி இருக்க வேண்டும் என்றும் பல இடங்களில் கேட்பார்கள்.

உயரம் கூடினால் பின்சக்கரத்தில் அழுத்தம் கூடும், பிடிமானம் கூடும். அதனால் எல்லாரும் வரம்பை ஒட்டியே வைக்கிறார்கள். நீங்கள் கால் அங்குலமாவது குறைத்து வையுங்கள். டயரில் காற்று கொஞ்சம் கூடினாலே டிராபார் மேலே ஏறிவிடும். வீட்டில் 20 அங்குலம் சரியாக இருந்தது, களத்தில் இருபதே கால் என்று திரும்பிப் போனவரை நான் பார்த்திருக்கிறேன்.

எம் வண்டியோடு வரும் ஊஞ்சல் டிராபார் இடம் வலமாக ஆடும். அப்படியே கொண்டுபோகக் கூடாது. எந்தத் திசையிலும் அசையாதபடி கனத்த இரும்பில் செய்து இறுக்க வேண்டும். கொக்கி நுழையும் ஓட்டையின் அளவும் விதியில் இருக்கும். நான் உள்ளூர் வெல்டிங் பட்டறையில் டிராபாரையும், வண்டி பின்னால் கவிழாமல் தாங்கும் வீலி பாரையும் சேர்த்துச் செய்தேன், 480 டாலர். விதிப்புத்தகத்தின் அந்தப் பக்கத்தை நகலெடுத்துப் பட்டறைக்காரர் கையில் கொடுங்கள்; வாயால் சொல்லாதீர்கள். ஜனவரி, பிப்ரவரியில் கொடுத்துவிடுங்கள். ஏப்ரலில் போனால் விதைப்புக் கருவிகளோடு விவசாயிகள் வரிசையில் நிற்பார்கள். உங்கள் வேலை ஜூனுக்குத்தான் முடியும்.

5. பாதுகாப்புச் சோதனை: என்னைத் திருப்பி அனுப்பிய இடம்

வீலி பார் என்பது வண்டியின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு தாங்குகால். முன்பக்கம் தூக்கினால் அது தரையில் ஊன்றி, வண்டி கவிழாமல் தாங்கும். பேருக்கு ஒன்றை ஒட்டிவைத்தால் சோதிப்பவர் ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்ப்பார். வண்டியின் முழு எடையும் தாங்க வேண்டும்.

அடுத்தது கில் சுவிட்ச். ஸ்லெட்டின் சங்கிலி அறுந்தாலோ கழன்றாலோ இன்ஜின் தானாக நிற்பதற்கான ஏற்பாடு இது. வண்டியின் பின்னால் சுவிட்சில் சின்ன ஆணி போன்ற ஒரு பின் செருகியிருக்கும்; அதில் ஸ்லெட்டின் கயிற்றை மாட்டுவார்கள். வண்டி பிரிந்து ஓடினால் பின் கழன்று இன்ஜின் அணைய வேண்டும்.

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். என் வண்டியில் தீப்பொறி தருவது மேக்னெட்டோ. பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும் காயில் வண்டிகளில், பின் கழன்றதும் சுவிட்ச் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். மேக்னெட்டோ அப்படி இல்லை. அது தானே மின்சாரம் உற்பத்தி செய்யும், பேட்டரியைத் துண்டித்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். அதை அணைக்க எர்த்தோடு இணைக்க வேண்டும். அதாவது பின் கழன்றதும் சுவிட்ச் இணைக்க வேண்டும், துண்டிக்கக் கூடாது. நான் கடையில் கிடைத்த துண்டிக்கும் சுவிட்சை வாங்கி பேட்டரி ஒயரில் மாட்டியிருந்தேன். சோதிப்பவர் பின்னைப் பிடுங்கினார். இன்ஜின் நிற்கவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். அன்று ஆறு மணிக்கு எழுந்து எண்பது மைல் வந்திருந்தேன்.

மேக்னெட்டோ வண்டிக்கு, ட்ரெய்லரில் பிரேக்குக்காக வைக்கும் பிரேக்அவே சுவிட்ச் சரியாகப் பொருந்தும். அது பின் கழன்றால் இணைக்கும் வகை. இருபது டாலர்கூட ஆகாது. காயில் வண்டிக்கு அதற்கு எதிர்வகை வேண்டும். மாட்டியபின் வீட்டிலேயே பத்துத் தடவை இன்ஜினை ஓடவிட்டுப் பின்னைப் பிடுங்கிப் பாருங்கள்.

மற்றவை சுலபம்தான். பின்சக்கரத்தின் மேல் மட்காடு, மின்விசிறிக்கு மறைப்பு, பின்னால் சுழலும் பிடிஓ தண்டுக்கு மூடி, எட்டும் தூரத்தில் தீயணைப்பான், இரண்டு பக்கமும் பிடிக்கும் பிரேக், ஆட்டமில்லாத ஸ்டீயரிங், நன்றாக இறுக்கிய சீட். கசிகிற எரிபொருள் குழாயை யாரும் மன்னிப்பதில்லை.

6. டயரும் எடையும்

பின் டயரின் ரப்பர் கட்டைகள் ஓரளவு கூர்மையாகவும் ஒரே உயரமாகவும் இருந்தால் போதும். 15.5-38 அளவு இந்தப் போட்டிக்காரர்களிடையே மிகவும் பெயர் பெற்றது. அதன் பழைய ஜோடி 600 டாலருக்குக் கிடைத்தது. விதியில் அகல வரம்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ரப்பரைச் சீவிக் கூர்மையாக்குவதைப் வண்டியை ஏறக்குறைய பழைய நிலையிலேயே இழுக்கும் பிரிவுகளில் பல இடங்களில் அனுமதிப்பதில்லை, நீங்களும் அதில் இறங்க வேண்டாம்.

காற்றழுத்தம் 12 முதல் 14 பிஎஸ்ஐ வரை தொடங்கிப் பாருங்கள். குறைத்தால் பிடிமானம் கூடும் என்று கேள்விப்பட்டு ஒரேயடியாகக் குறைத்தால், ரிம் சுற்றும், டயர் நிற்கும், உள்ளே ட்யூபின் வால்வு பிய்ந்துபோகும். ரிம்மிலும் டயரிலும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவையுங்கள். இழுத்தபின் கோடு விலகியிருந்தால் டயர் நழுவுகிறது, காற்றைக் கூட்டுங்கள்.

இனி எடை. பக்கத்துத் தானியக் கிடங்கில் எடைமேடை இருக்கும்; அறுவடைக் காலம் தவிர மற்ற நாட்களில் கேட்டால் விடுவார்கள். நான் மார்ச்சில் போய் எடை போட்டேன். தொட்டி நிறைய எரிபொருளோடு வண்டி 5,180 பவுண்டு. நான் 168. மொத்தம் 5,348. சரி, 5,500 பிரிவுக்கு இன்னும் 152 இருக்கிறது என்று ஒரு நூறு பவுண்டு எடையை முன்னால் தொங்கவிட்டேன். கண்காட்சி எடைமேடையில் 5,578 காட்டியது. மார்ச்சில் எடை போட்டபோது டிராபாரும் வீலி பாரும் பட்டறையில் இருந்தன. அவை சேர்ந்து 130 பவுண்டு. அதை நான் மறந்தே போனேன். பின்னால் வரிசை நிற்க, அவசரமாக முன் எடையைக் கழற்றினேன். 5,478 வந்தது, அனுமதித்தார்கள். ஆனால் முன்பக்கம் லேசாகி, சங்கிலி இறுகியதுமே மூக்கைத் தூக்கியது. நூறு அடிகூடப் போகவில்லை.

பாடம் இதுதான்: எல்லாம் பொருத்தி முடித்தபின், போட்டியன்று போடப்போகும் அதே பூட்ஸோடு ஏறி உட்கார்ந்து எடை போடுங்கள். வரம்புக்கு இருபது பவுண்டு குறைவாக இருக்கட்டும். ஒரு எடைமேடை சொல்வதை இன்னொன்று சொல்லாது. கடைசி நேரத்தில் சரிசெய்ய எரிபொருள் கைகொடுக்கும். ஒரு காலன் பெட்ரோல் சுமார் 6 பவுண்டு. ஐந்து காலனை வடித்தால் முப்பது பவுண்டு போய்விடும்.

மூன்றாவது கண்காட்சியில் 5,500 பிரிவையே விட்டுவிட்டு 6,000இல் இறங்கினேன். சூட்கேஸ் எடை என்று சொல்வார்கள், கைப்பிடியோடு ஒவ்வொன்றும் நூறு பவுண்டு. ஐந்தைப் போட்டால் 5,978. அதே நாளில் இன்னும் ஐந்தைச் சேர்த்து 6,500 பிரிவிலும் இழுத்தேன். என்னிடம் ஆறுதான் இருந்தது. மீதி நாலையும் பக்கத்தில் நின்ற போட்டியாளர் தானாகவே தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். அவரும் அதே பிரிவில்தான் இழுக்கிறார். இந்த மனிதர்கள் அப்படித்தான்.

எங்கே தொங்கவிடுவது? நின்ற நிலையில் மொத்த எடையில் கால் பங்கு முதல் முப்பது சதவீதம் வரை முன்சக்கரத்தில் இருக்கும்படி தொடங்குங்கள். முன்சக்கரத்தை மட்டும் எடைமேடையில் ஏற்றினால் அது எவ்வளவு என்று தெரிந்துவிடும். இழுக்கும்போது பாரம் பின்னுக்கு நகரும். கடைசி ஐம்பது அடியில் முன்சக்கரம் மண்ணை லேசாகத் தடவிக்கொண்டு போனால் சமன் சரி. அழுத்தமாகத் தடம் பதித்துக்கொண்டே போனால், முன்னால் வீணாக எடை கிடக்கிறது, ஒன்றைப் பின்னுக்கு மாற்றுங்கள். ஓர் அடி உயரம் தூக்கினால், பின்னால் இருப்பதை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு எடை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் போல்ட்டும் பூட்டு நட்டும் போட்டு இறுக்குங்கள்; கம்பி, கயிறு எதுவும் செல்லாது.

இன்ஜினுக்கு? ஸ்பார்க் பிளக், பாயிண்ட், ஆயில், கூலண்ட், கார்புரேட்டர் சுத்தம், புது பேட்டரி. 210 டாலர். முதல் வருடத்துக்கு அவ்வளவு போதும்.

7. காப்பீடும் கையெழுத்தும்

வீட்டுக் காப்பீடு இதற்கும் சேரும் என்று நினைத்துவிடாதீர்கள். பல பாலிசிகளில் பந்தயம், இழுவைப் போட்டி ஆகியவற்றை விலக்கி ஒரு வரி இருக்கும். முகவரிடம் நேரடியாக, டிராக்டர் இழுவைப் போட்டி என்ற சொல்லைப் போட்டு மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். பழைய வாகனங்களுக்கென்றே தனிப் பாலிசிகள் இருக்கின்றன; அவற்றிலும் போட்டியின்போது நேரும் சேதம் சேருமா என்று கேட்டு உறுதிசெய்ய வேண்டும்.

போட்டி நடத்துபவர்கள் பொதுவாகப் பார்வையாளர்களுக்காகக் காப்பீடு எடுத்திருப்பார்கள். உங்களிடம் பொறுப்புத் துறப்புப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். வரிசையில் நின்றபடி படிக்காமல் போட்டுவிடாதீர்கள். உங்கள் மருத்துவச் செலவு உங்கள் மருத்துவக் காப்பீட்டில்தான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் ஓட்டுவதாக இருந்தால் பெற்றோர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும், சில இடங்களில் ஹெல்மெட்டும் கட்டாயம்.

ஒரு பிளாஸ்டிக் உறையில் இவற்றைப் போட்டு வண்டியோடு எடுத்துப் போங்கள்: விற்பனைச் சீட்டின் நகல், வரிசை எண் போட்டோ, சங்க உறுப்பினர் அட்டை, ஓட்டுநர் உரிமம், காப்பீட்டு அட்டை, அந்தப் போட்டியின் விதிப்புத்தகம்.

8. ஏற்றிச் செல்வது

சொந்த ட்ரெய்லரை முதல் வருடம் வாங்காதீர்கள். நான் பக்கத்து விவசாயிக்கு ஒரு பயணத்துக்கு 120 டாலர் கொடுத்து ஏற்றிப் போனேன். வாடகைக்கு எடுப்பதானால் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, ஃபார்மால் எம் வண்டிகளில் பெரும்பாலானவை முன்சக்கரம் இரண்டும் நடுவில் ஒட்டியிருப்பவை. கார் ஏற்றும் ட்ரெய்லர் மாதிரி நடுவே திறந்திருந்தால் முன்சக்கரம் உள்ளே விழும். முழுத் தளம் வேண்டும், ஏறுவதற்கு நடுவிலும் ஒரு சாய்வுப் பலகை வேண்டும். இரண்டு, பின்சக்கரங்களின் வெளி அகலத்தை அளந்து, ட்ரெய்லரின் மட்காடுகளுக்கு இடையே நுழையுமா என்று பாருங்கள். எம் வண்டியில் சக்கரத்தை அச்சில் உள்ளே தள்ளலாம், ஆனால் அது அரை நாள் வேலை. போட்டியன்று காலையில் செய்கிற வேலை இல்லை.

நான்கு மூலையிலும் தனித்தனிச் சங்கிலி. எட்டில் மூன்று (3/8) அங்குலக் கனத்தில், கிரேடு 70 சங்கிலியின் வேலைத் தாங்குதிறன் 6,600 பவுண்டு. அதற்குக் குறைந்தது வேண்டாம். பத்து மைல் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள்.

9. போட்டி நாள்

இரண்டு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். பதிவு, எடை, சோதனை, பிறகு காத்திருப்பு. ஒரு பிரிவுக்கு நுழைவுக் கட்டணம் 10 முதல் 25 டாலர் வரை, பெரும்பாலும் ரொக்கம்தான். வரிசை குலுக்கலில் வரும். முதல் ஆளாக வந்தால் பயப்பட வேண்டாம். அந்த இழுவையை வைத்துத்தான் ஸ்லெட்டைச் சரிசெய்கிறார்கள், பல இடங்களில் பிறகு மறுபடி இழுக்கும் வாய்ப்பும் தருவார்கள்.

உங்கள் முறைக்குக் கால் மணி நேரம் முன்பே இன்ஜினைச் சூடாக்குங்கள். அந்த நேரத்தில் மற்றவர்கள் களத்தின் எந்தப் பக்கத்தில் நெடுந்தூரம் போகிறார்கள் என்று பாருங்கள். கிளறாத கெட்டி மண் எங்கே இருக்கிறதோ அங்கே உங்கள் பின்சக்கரங்கள் போகும்படி மனதில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

10. அந்த ஒரு நிமிடம்

ஸ்லெட்டுக்கு முன்னால் ரிவர்ஸில் வந்து நிறுத்தி நியூட்ரலில் போடுங்கள். கொக்கி மாட்டுபவர் உங்கள் கைகளைப் பார்க்கட்டும். அவர் விலகும் வரை கியரைத் தொடாதீர்கள். பிறகு முதலில் சங்கிலியின் தொய்வை மெதுவாக எடுத்து இறுக்குங்கள். வெடுக்கென்று இழுத்தால் சக்கரம் குழி தோண்டிவிடும், சில இடங்களில் தகுதி நீக்கமும் உண்டு.

என் எம் வண்டியில் தொழிற்சாலைக் கணக்குப்படி முதல் கியர் மணிக்கு 2⅝ மைல், இரண்டாவது 3½, மூன்றாவது 4¼. நான்கு மைல் வரம்புள்ள பிரிவில் இரண்டாவது கியரில் இழுக்கிறேன். அந்த வேகத்தில் 300 அடிக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம். பச்சைக் கொடி விழுந்ததும் கிளட்சை நிதானமாக விடுங்கள். வண்டி நகர்ந்தபின் த்ராட்டிலை முழுக்கத் திறங்கள். இன்ஜின் முக்கும்போது கை தானாகக் குறைக்கப் பார்க்கும். குறைக்காதீர்கள். பார்வை முன்னால், ஒரு கால் கிளட்ச் மேல்.

முன்சக்கரம் மண்ணை விட்டு எழுந்தால் ஸ்டீயரிங் வேலை செய்யாது. அப்போது இடது வலது பிரேக்கை லேசாகத் தொட்டுத்தான் திருப்ப வேண்டும். அழுத்தினால் இழுவை செத்துவிடும். மூக்கு மேலும் மேலும் ஏறினால் யோசிக்காமல் கிளட்சை மிதியுங்கள். சிவப்புக் கொடி காட்டினாலும், சக்கரம் ஒரே இடத்தில் சுழலத் தொடங்கினாலும் அப்படியே. நின்றதும் சில அங்குலம் பின்னால் வந்து சங்கிலியைத் தளர்த்துங்கள், கழற்றும்வரை இருக்கையிலேயே இருங்கள்.

11. என் முதல் வருடச் செலவு

டிராக்டர் 2,400. டயர் 600. டிராபாரும் வீலி பாரும் 480. சூட்கேஸ் எடை ஆறு, 750. சுவிட்ச், ஒயர் 40. தீயணைப்பான் 45. இன்ஜின் பராமரிப்பு 210. சங்கச் சந்தா 40. நுழைவுக் கட்டணம் நான்கு கண்காட்சிக்கும் சேர்த்து 160. ஏற்றுக்கூலி 480. மொத்தம் 5,205 டாலர். பரிசு பெரும்பாலும் கோப்பையோ சின்னத் தொகையோதான்; அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். டிராக்டர், எடை, டயர் மூன்றையும் ஒழுங்காக வைத்திருந்தால் விற்கும்போது பெரும்பகுதி திரும்பி வரும்.

இந்த வேலைகளை இந்த மாதங்களில் முடித்தால் நெருக்கடி இருக்காது: கோடையில் வேடிக்கை பார்த்து விதிப்புத்தகம் சேகரிப்பது, நவம்பர் முதல் ஜனவரிக்குள் வண்டி, பிப்ரவரிக்குள் பட்டறை வேலை, மார்ச்சில் இன்ஜினும் டயரும், ஏப்ரலில் எல்லாம் பொருத்தி எடைமேடை, மே மாதம் காப்பீட்டுப் பதில். ஜூனில் உள்ளூர்ச் சங்கத்தின் சின்னப் போட்டி ஒன்றில் முதலில் இழுங்கள். கவுண்டி கண்காட்சிகள் ஜூலை, ஆகஸ்டில். ஒவ்வொரு இழுவைக்குப் பின்னும் தூரம், கியர், டயர் காற்று, எந்த எடை எங்கே தொங்கியது, மண் ஈரமா காய்ந்ததா என்பதை ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். அன்று மாலையே எழுதுங்கள், மறுநாள் மறந்துவிடும். கடைசிப் போட்டி முடிந்ததும் எரிபொருளை வடித்து, பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து, ரேடியேட்டரில் உறையாத கூலண்ட் இருக்கிறதா என்று சோதித்துவிட்டுக் கொட்டகையில் விடுங்கள். இங்கே ஜனவரிக் குளிரில் வெறும் தண்ணீர் உறைந்தால் இன்ஜின் பிளாக் வெடித்துவிடும்.